பழைய ஹெலிகாப்டரில் புதிய பாதுகாப்பு: உரிமையாளருக்கும் பராமரிப்புப் பொறியாளருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2015 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ஃபிரிஸ்கோ நகரில், மருத்துவமனைத் தளத்திலிருந்து மேலெழுந்த ஏஎஸ்350 பி3இ வகை மருத்துவ ஹெலிகாப்டர் கட்டுப்பாடிழந்து சுழன்று, அருகிலிருந்த வாகன நிறுத்துமிடத்தில் விழுந்தது. எரிபொருள் கொட்டித் தீப்பற்றியது. விமானி உயிரிழந்தார், உடன் சென்ற செவிலியர் இருவரும் படுகாயமடைந்தனர், அவர்களில் ஒருவரின் உடலில் பெரும்பகுதி வெந்துபோனது. அந்த ஹெலிகாப்டர் தொழிற்சாலையை விட்டு வெளிவந்து ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆனால் அதன் எரிபொருள் அமைப்பு, 1977-இல் சான்றளிக்கப்பட்ட மூல வடிவமைப்புக்கு அன்றிருந்த விதிகளையே நிறைவு செய்தால் போதும் என்ற நிலையில் தயாரிக்கப்பட்டிருந்தது.

ஒரு ஹெலிகாப்டரின் வயதை அது தயாரிக்கப்பட்ட ஆண்டைக் கொண்டு மதிப்பிடுவது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஒரு வடிவமைப்பு பறக்கத் தகுதியானது என்று அரசு அமைப்பு வழங்கும் வகைச் சான்றிதழைக் கோரி விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதிகள் நடைமுறையில் உள்ளனவோ அவையே அந்த வடிவமைப்பின் சான்றளிப்பு அடிப்படையாகின்றன. பிற்காலத்தில் விதிகள் கடுமையானாலும், தனியாக ஆணையோ சட்டமோ வந்தாலொழிய, பழைய சான்றிதழின் கீழ் புதிய ஹெலிகாப்டர்களைத் தயாரித்துக்கொண்டே இருக்கலாம். ஆகவே பழைய வடிவமைப்பை வைத்திருப்பவர், விதி தம்மைத் தேடி வரும் என்று காத்திருக்கக் கூடாது. தம் ஹெலிகாப்டரில் எந்தப் பாதுகாப்பு இல்லை என்பதைத் தாமே கண்டறிந்து, எதை முதலில் சேர்ப்பது என்று தாமே முடிவு செய்ய வேண்டும். அதற்கான வழிமுறையே இக்கட்டுரை.

முதல் படி: சான்றளிப்பு அடிப்படையைப் படியுங்கள்

ஒவ்வொரு வகைக்கும் ஒரு வகைச் சான்றிதழ்த் தரவுத்தாள் உண்டு. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவும் ஐரோப்பாவின் அத்தகைய அமைப்பான ஈஏஎஸ்ஏவும் அவற்றைத் தத்தம் இணையதளங்களில் இலவசமாக வெளியிட்டுள்ளன. அதில் உங்கள் மாடலுக்குரிய பகுதியை எடுத்து, எந்த விதித்தொகுப்பு, அதன் எத்தனையாவது திருத்தம் வரை பொருந்தும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெல் 206 ஜெட்ரேஞ்சர் 1966-இல் சான்று பெற்றது. சிறிய ஹெலிகாப்டர்களுக்கான இன்றைய பகுதி 27 விதிகளுக்கு முந்தைய பழைய விதித்தொகுப்பே அதற்கு அடிப்படை. ராபின்சன் ஆர்22 1979-இலும் ஆர்44 1992 டிசம்பரிலும் சான்று பெற்றன.

சிறிய ஹெலிகாப்டர்களைப் பொறுத்தவரை இரண்டு ஆண்டுகள் எல்லைக்கோடுகளாக நிற்கின்றன. முதலாவது 1989. அவ்வாண்டுத் திருத்தம், மனித உருவப் பொம்மையை அமர்த்தி இருக்கைகளை மோதவிட்டுச் சோதிக்க வேண்டும் என்றது: கீழ்நோக்கிய மோதலில் உச்ச விசை 30 ஜி (புவியீர்ப்பைப் போல் 30 மடங்கு), முன்னோக்கியதில் 18.4 ஜி, இடுப்பு முதுகெலும்பின் மீது விழும் சுமை 1,500 பவுண்டைத் தாண்டக் கூடாது. இரண்டாவது 1994. அவ்வாண்டில் வந்த விதி 27.952, எரிபொருள் தொட்டியில் 80 விழுக்காடு நீர் நிரப்பி 50 அடி உயரத்திலிருந்து போட்டாலும் கசியக் கூடாது என்று வரையறுத்தது. ஆர்44 சான்று பெற்ற காலத்தைக் கவனியுங்கள்: இந்த விதி வருவதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு. உங்கள் வகை இந்த இரு கோடுகளுக்கும் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், உயிர்காப்புத் திறனில் உள்ள பெரும் இடைவெளிகள் உடனே புலப்படும்.

இரண்டாம் படி: விபத்துகளையும் உங்கள் பணியையும் பொருத்திப் பாருங்கள்

கருவி விற்பவர்களின் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். விபத்து அறிக்கைகளிலிருந்து தொடங்குங்கள். விபத்துகளை விசாரிக்கும் அமைப்புகளான அமெரிக்காவின் என்டிஎஸ்பி, ஆஸ்திரேலியாவின் ஏடிஎஸ்பி, இந்தியாவின் விமான விபத்துப் புலனாய்வுச் செயலகம் ஆகியவற்றின் அறிக்கைகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. உங்கள் வகையைச் சேர்ந்த ஹெலிகாப்டர்கள் உங்கள் பணியை ஒத்த பணியில் இருந்தபோது நேர்ந்த விபத்துகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள். விபத்து ஏன் நேர்ந்தது? விபத்து நேர்ந்த பின் உள்ளே இருந்தவர்கள் ஏன் இறந்தார்கள்? இவ்விரண்டுக்கும் விடை பெரும்பாலும் வெவ்வேறாக இருக்கும்.

ஃபிரிஸ்கோ விபத்தையே எடுத்துக்கொள்வோம். புறப்படுமுன் செய்யும் ஹைட்ராலிக் சோதனை, வால் ரோட்டர்ச் சுற்றின் அழுத்தத்தை வடித்துவிடுகிறது; அழுத்தம் மீளவில்லை என்பதை விமானிக்கு உறைக்கும்படி உணர்த்தும் எச்சரிக்கை எதுவும் விமானி அறையில் இல்லை. விபத்துக்கான காரணமாக என்டிஎஸ்பி இதைக் கூறியது. மோதலைத் தாங்காத எரிபொருள் அமைப்பு விளைவைக் கொடியதாக்கியது என்பது அதன் அடுத்த முடிவு. முதல் கேள்விக்கு விடை ஓர் எச்சரிக்கை விளக்கு. இரண்டாவதற்கு விடை வேறொரு தொட்டி. இரண்டுமே பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

மறுபுறம், 2020 ஜனவரி 26 அன்று கலிபோர்னியாவின் கலபாசஸில் ஒன்பது பேரைப் பலிகொண்ட சிகோர்ஸ்கி எஸ்-76பி விபத்துக்குப் பிறகு, அந்த ஹெலிகாப்டரில் நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவி இல்லையே என்று பலரும் கேட்டனர். மேகத்துக்குள் நுழைந்து திசையுணர்வு இழந்த விமானிக்கு அந்தக் கருவி உதவியிருக்க வாய்ப்பில்லை என்பதே என்டிஎஸ்பியின் மதிப்பீடு. காரணத்தோடு பொருந்தாத கருவி, பணத்தையும் எடையையும் மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: எரிபொருள் அமைப்பு

எனக்கு ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன். விமானியின் திறமை, அன்றைய வானிலை, பயிற்சி எதையும் சாராமல் இது வேலை செய்கிறது. அமெரிக்க ராணுவம் 1970 முதல் தன் யுஎச்-1 ஹெலிகாப்டர்களில் மோதலைத் தாங்கும் எரிபொருள் அமைப்பைப் பொருத்தத் தொடங்கியபின், உயிர்பிழைக்கக்கூடிய விபத்துகளில் தீயால் நேரும் மரணம் ஏறத்தாழ ஒழிந்தது. சிவில் துறைக்கு அந்த அறிவு விதியாக வந்து சேர 24 ஆண்டுகள் ஆயின. வந்த பின்னும் அது புதிய வடிவமைப்புகளுக்கு மட்டுமே பொருந்தியது. 1994-க்குப் பின் தயாரிக்கப்பட்டு அமெரிக்காவில் பதிவான சுமார் 5,600 ஹெலிகாப்டர்களில் ஏறத்தாழ 850 மட்டுமே இத்தகைய அமைப்பைக் கொண்டிருந்தன என்று என்டிஎஸ்பி 2015-இல் சுட்டிக்காட்டியது. 2018 அக்டோபரில் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், 2020 ஏப்ரல் முதல் புதிதாகத் தயாரிக்கப்படும் ஹெலிகாப்டர்கள் அனைத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியது. ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பவற்றை அச்சட்டம் தொடவில்லை. உங்கள் ஹெலிகாப்டர் அதற்கு முந்தையது என்றால், முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆர்44-இன் வரலாறு இதில் பாடமாக நிற்கிறது. அதன் அலுமினியத் தொட்டிகளுக்குள் பிளாடர் எனப்படும் நெகிழ்பைகளைப் பொருத்தும்படி ராபின்சன் நிறுவனம் 2010 டிசம்பரில் சர்வீஸ் புல்லட்டின் எனும் தொழில்நுட்ப அறிவிப்பை வெளியிட்டது. முதலில் தாராளமாக இருந்த காலக்கெடு பின்னர் 2013 ஏப்ரல் 30-க்கு முன்கொணரப்பட்டது. அந்நாளுக்குச் சில வாரங்களே இருந்தபோது, மார்ச் 21 அன்று, ஆஸ்திரேலியாவின் புல்லி டாப்ஸில் மாற்றம் செய்யப்படாத ஓர் ஆர்44 தரையிறங்கும் இடத்தில் விபத்துக்குள்ளாகித் தீப்பிடித்ததில் நால்வர் இறந்தனர். சர்வீஸ் புல்லட்டினில் உள்ள கடைசித் தேதியை வேலை தொடங்கும் தேதியாகக் கொள்ளாதீர்கள்.

இந்த மாற்றத்தை வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியது, தொட்டிக்குள் பை இருக்கிறதா என்பதோடு முடிவதில்லை. மோதும்போது ஹெலிகாப்டரின் உடல் நசுங்கி, தொட்டி ஒரு பக்கமும் குழாய் மறுபக்கமும் இழுபடுகின்றன. எனவே இழுபட்டால் பிரிந்து இரு முனைகளையும் தானே அடைத்துக்கொள்ளும் இணைப்புகள், நீண்டு கொடுக்கும் குழாய்கள், ஹெலிகாப்டர் கவிழ்ந்தாலும் காற்றுப்போக்கி வழியே எரிபொருள் வழியாதபடி தடுக்கும் வால்வு ஆகியவையும் சேர்ந்தால்தான் அது ஓர் அமைப்பு. விதி 27.952-ஐ முழுமையாக நிறைவு செய்கிறதா, பகுதியளவிலா, எந்த உட்பிரிவுகள் விடுபட்டுள்ளன என்பதை எழுத்தில் பெறுங்கள். ஏஎஸ்350 வகைக்கு ராபர்ட்சன் நிறுவனமும் ஸ்டாண்டர்ட்ஏரோவும் இணைந்து உருவாக்கிய தொட்டி, சான்று பெற்ற வடிவமைப்பில் செய்யும் மாற்றத்துக்கான துணை வகைச் சான்றிதழுடன் கிடைக்கிறது. தயாரிப்பாளரான ஏர்பஸ் வழங்கும் மாற்றமும் உண்டு. நெகிழ்பை பொருத்தினால் பயன்படுத்தக்கூடிய எரிபொருளின் அளவு சற்றுக் குறையும் என்பதால், பறப்புத் திட்டக் கணக்குகளையும் அன்றே திருத்த வேண்டும்.

நான்காம் படி: இருக்கை, தோள்வார்

பழைய இருக்கைக்குப் பதிலாக ஆற்றலை உறிஞ்சும் இருக்கை உங்கள் வகைக்குக் கிடைக்குமானால் அது நல்ல முதலீடு. கிடைக்காவிட்டால், பயணிகள் இருக்கை உட்பட எல்லாவற்றிலும் தோள்வார் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைக்கு அடியில் உள்ள வெற்றிடம் மோதலின்போது நசுங்குவதற்காக விடப்பட்டிருந்தால், அங்கே கருவிப்பெட்டியும் தண்ணீர்ப் புட்டியும் திணிக்கப்படக் கூடாது. இதற்குச் செலவே இல்லை.

ஐந்தாம் படி: மேகத்துக்குள் சிக்கும் ஆபத்து

பார்வையை நம்பிப் பறக்கும் விமானி தற்செயலாக மேகத்துக்குள் நுழைந்தால், கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக 56 நொடிகளே ஆகின்றன என்று அமெரிக்க ஹெலிகாப்டர் பாதுகாப்புக் குழு தன் விழிப்புணர்வு இயக்கத்தில் சொல்கிறது. சிறிய ஹெலிகாப்டர்கள் இயல்பிலேயே நிலைத்தன்மை குறைந்தவை. கையை விட்டால் தாமாக நேராகப் பறப்பவை அல்ல. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி உட்பட 14 பேரைப் பறித்த எம்ஐ-17வி5 விபத்தில், பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி மேகம் சூழ்ந்ததும், விமானி திசையுணர்வு இழந்ததுமே காரணம் என்று முப்படை விசாரணை முடிவு செய்தது. நவீனக் கருவிகளும் அனுபவமிக்க குழுவும் கொண்ட ஹெலிகாப்டருக்கே இது நேர்ந்தது என்றால், ஒற்றை விமானியும் அடிப்படைக் கருவிகளும் மட்டுமே உள்ள பழைய ஜெட்ரேஞ்சரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை ஆட்டோபைலட் என்பது பெரிய இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர்களுக்கு உரியதாக இருந்தது. இன்று ஜெனிசிஸ் நிறுவனத்தின் ஹெலிசாஸ் போன்ற அமைப்பு ஏறத்தாழ ஏழு கிலோ எடையில் ஆர்44, பெல் 206, பெல் 407, ஏஎஸ்350 ஆகியவற்றுக்குக் கிடைக்கிறது. கார்மின் ஜிஎஃப்சி 600எச் ஏஎஸ்350-க்கு உண்டு. நிலைநிறுத்தும் செயற்பாடு தொடர்ந்து இயங்கிக்கொண்டிருக்க, திசையுணர்வு தடுமாறும் விமானி சைக்ளிக் எனும் சாய்வுக் கட்டுப்பாட்டுக் கோலை விட்டால் ஹெலிகாப்டர் ஏறத்தாழச் சமநிலைக்கு மீள்கிறது. கருவி பழுதானாலும் விமானி கையால் அதை எளிதில் மீறிக் கட்டுப்படுத்தலாம் என்பது வடிவமைப்பிலேயே உறுதி செய்யப்பட்டுள்ளது.

ஆயினும் இதன் எல்லையைத் தெளிவாக உணர வேண்டும். சிறிய ஹெலிகாப்டர்களில் பொருத்தப்படும் இரு அச்சு அமைப்பு சைக்ளிக்கை மட்டுமே இயக்குகிறது. ஏற்ற இறக்கத்துக்கான கலெக்டிவ் நெம்புகோலையும் மூக்கைத் திருப்பும் பெடலையும் விமானிதான் கவனிக்க வேண்டும். மேலும், இதைப் பொருத்தியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் பறக்க அனுமதி பெற்றதாக ஆகிவிடாது. முன்பு திரும்பிவிட்ட வானிலையில், இப்போது கருவி இருக்கிறதே என்று ஒருவர் முன்னேறத் தொடங்கினால், கிடைத்த பாதுகாப்பு அங்கேயே கரைந்துவிடுகிறது. ஆகவே நிறுவனத்தின் குறைந்தபட்ச வானிலை வரம்புகளைக் கருவி வந்தபின் ஒரு மீட்டர்கூடத் தளர்த்தக் கூடாது என்பதை இயக்கக் கையேட்டில் எழுதி வையுங்கள்.

இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியவை மின்னணுத் திரைகள், ரேடியோ உயரமானி, நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவி. எஃப்ஏஏ 2014-இல் இயற்றிய விதி மருத்துவ ஹெலிகாப்டர்களுக்கு நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. தாழப் பறக்கும் பணியில் அது ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தால் விமானிகள் அதை அணைத்துவிடுவார்கள். எனவே வாங்குமுன், தாழ்பறப்புக்கான தனி நிலை உள்ளதா என்றும், உங்கள் பகுதியின் மலைகளும் கோபுரங்களும் தரவுத்தளத்தில் எவ்வளவு துல்லியமாக உள்ளன என்றும் சோதித்துப் பாருங்கள்.

ஆறாம் படி: மின்கம்பிகள்

தாழப் பறப்பவர்களுக்குக் கம்பி, கண்ணுக்குப் புலப்படாத எதிரி. கனடாவின் பிரிஸ்டல் ஏரோஸ்பேஸ் உருவாக்கிய கம்பி வெட்டி, கூரையிலும் வயிற்றுப்பகுதியிலும் பொருத்தப்படும் கூரிய கொக்கிகளால் கம்பியைத் தன்பால் இழுத்துத் துண்டிக்கிறது. மின்சாரமோ மென்பொருளோ தேவையில்லை. ஹெலிகாப்டர் போதிய வேகத்தில் முன்னோக்கிச் சென்று, கம்பி அதன் முன்புறத்தில் மோதினால்தான் அது பயன்படும். ரோட்டரிலோ வாலிலோ சிக்கும் கம்பிக்கு அதனிடம் விடையில்லை. மின்கம்பியின் மின்காந்தப் புலத்தை உணர்ந்து எச்சரிக்கும் கருவிகளும் உள்ளன. மின்சாரம் ஓடாத கம்பியையும் ரோப்வே வடத்தையும் அவை அறியா.

ஏழாம் படி: இயந்திரத்தின் உடல்நிலையைக் கண்காணித்தல்

1986 நவம்பர் 6 அன்று ஷெட்லாந்தின் சம்பர்க் அருகே போயிங் 234 சினூக் கடலில் விழுந்து 45 பேர் இறந்தனர்; முன் கியர்பாக்ஸில் ஒரு பற்சக்கரம் முறிந்ததே காரணம். அதன் பின்விளைவாக, அதிர்வைப் பதிவு செய்து பழுதை முன்கூட்டியே காட்டும் ஹம்ஸ் என்னும் கண்காணிப்பு அமைப்பு 1991 முதல் வடகடல் ஹெலிகாப்டர்களில் புழக்கத்துக்கு வந்தது. பழைய வடிவமைப்புக்குப் புதிய தொழில்நுட்பம் அளித்த மிகப் பெரிய கொடைகளில் ஒன்றாக இதைக் கருதுகிறேன். அதேசமயம் 2016 ஏப்ரலில் நார்வேயின் டூரோய் அருகே ஈசி225 ஒன்றின் மெயின் ரோட்டர் பறப்பிலேயே கழன்று 13 பேர் இறந்தபோது, கியர்பாக்ஸின் உள்ளே வளர்ந்த விரிசலை ஹம்ஸும் காட்டவில்லை, எண்ணெயில் உலோகத் துகளைப் பிடிக்கும் கருவியும் காட்டவில்லை. அதிர்வு வரைபடம் அமைதியாக இருக்கிறது என்பதற்காகக் கியர்பாக்ஸின் ஆயுள் வரம்பையோ கண்ணால் பார்க்கும் பரிசோதனையையோ தளர்த்த எவருக்கும் உரிமையில்லை.

சிறிய ஹெலிகாப்டர்களுக்கு எடை குறைந்த பறப்புத் தரவுப் பதிவிகளும் விமானி அறைக் கேமராக்களும் இப்போது உள்ளன. இவற்றைப் பொருத்துமுன், பதிவுகளை யார் பார்ப்பார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதை விமானிகளுடன் பேசி எழுத்தில் உறுதி செய்யுங்கள். தண்டிப்பதற்காகப் பார்க்கப்படும் பதிவு விமானிகளை வாய்மூடச் செய்யும். தரையிறங்கும் அணுகுமுறைகளைத் திருத்துவதற்காகப் பார்க்கப்படும் பதிவு அடுத்த விபத்தைத் தடுக்கும்.

எட்டாம் படி: அனுமதி, எடை, ஒத்திசைவு

பெரும்பாலான மாற்றங்கள் துணை வகைச் சான்றிதழ் வழியாகவே வருகின்றன. விதி கேட்காத, ஆனால் பாதுகாப்பைக் கூட்டும் கருவிகளுக்கான அனுமதியை எளிதாக்க எஃப்ஏஏ 2016-இல் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அக்கருவி பழுதானால் ஏற்படும் விளைவு சிறிதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்தியாவில் பதிவான ஹெலிகாப்டருக்கு வெளிநாட்டுச் சான்றிதழ் தானாகச் செல்லாது. சிஏஆர்-21 விதிகளின்படி, இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் ஏற்பு வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே வான்தகுதி அலுவலகத்துடன் எழுத்துத் தொடர்பைத் தொடங்கிவிடுவது நல்லது.

பலரும் தவறவிடும் ஓர் இடம் உண்டு. இரண்டு துணை வகைச் சான்றிதழ்கள் தனித்தனியே செல்லுபடியாகும் என்பதால், ஒரே ஹெலிகாப்டரில் சேர்ந்திருக்கவும் தகுதியானவை என்று ஆகாது. முன்பே செய்யப்பட்ட மாற்றங்களோடு புதியது ஒத்துப்போகிறதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு பொருத்துபவருடையது. இருபது முப்பது ஆண்டுகள் பறந்த ஹெலிகாப்டரில் ஆவணத்தில் ஒன்றும் உடலில் வேறொன்றும் இருப்பது அரிதல்ல. ஆகவே பேனல்களைத் திறந்து, உள்ளதை உள்ளபடி பட்டியலிட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். மின்சுமைப் பகுப்பாய்வு, மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனை, எடை மற்றும் ஈர்ப்புமையக் கணக்கு ஆகிய மூன்றையும் புதிதாகச் செய்யுங்கள்.

பெல் 206பி-யின் உச்ச எடை 1,451 கிலோதான். 3,583 மீட்டர் உயரத்திலுள்ள கேதார்நாத் போன்ற இடத்துக்குப் பறப்பவருக்கு, கூடும் ஒவ்வொரு கிலோவும் எஞ்சின் ஆற்றலின் கையிருப்பிலிருந்து கழிகிறது. பயன்படாத பழைய ரேடியோக்களையும், எங்கும் இணைக்கப்படாமல் கிடக்கும் கம்பிக்கற்றைகளையும், கனத்த பழைய ஜைரோ கருவிகளையும் அகற்றினால் கணிசமான எடை மிச்சமாகும். லித்தியம் மின்கலத்துக்கு மாறுவதும் உதவும், ஆனால் அது தன்னுடன் கொண்டுவரும் வெப்ப ஆபத்துக்கு உரிய பாதுகாப்பும் அந்தச் சான்றிதழிலேயே அடங்கியிருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: பயிற்சியும் தொடர் பராமரிப்பும்

ஆர்22-இல் ரோட்டர் வேகம் குறைந்து நேர்ந்த விபத்துகளுக்கு எதிராக, அந்த வேகத்தைத் தானாகச் சீராக வைக்கும் மின்னணு கவர்னர் வந்தபோது, 1995-இல் எஃப்ஏஏ தனிச் சிறப்பு விதி வழியாக ஆர்22, ஆர்44 விமானிகளுக்கான கூடுதல் பயிற்சியையும் கட்டாயமாக்கியது. கருவியும் பயிற்சியும் இணைந்தே வர வேண்டும் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. புதிய ஆட்டோபைலட்டை இயக்கவும் விடுவிக்கவும், பழுதடைந்தால் மீறிப் பறக்கவும், வெளியே தெரியாமல் கருவிகளை மட்டும் காட்டும் கண்மறைப்பு அணிந்து மேகத்திலிருந்து மீளவும் ஒவ்வொரு விமானியும் பயிற்றுநருடன் பறந்து பழக வேண்டும். அது முடியும்வரை அந்த ஹெலிகாப்டரைப் பயணிகள் பணிக்கு அனுப்பாதீர்கள்.

பறப்புக் கையேட்டின் துணை இணைப்பு ஹெலிகாப்டருக்குள் இருக்க வேண்டும். தொடர் வான்தகுதிக்கான அறிவுறுத்தல்களை உங்கள் பராமரிப்புத் திட்டத்தில் வரி வரியாகச் சேர்த்து, நெகிழ்பையின் பரிசோதனை, நிலப்பரப்புத் தரவின் புதுப்பிப்பு, கம்பி வெட்டியின் கூர்மை, மின்கலத்தின் கொள்ளளவுச் சோதனை ஆகிய ஒவ்வொன்றுக்கும் காலமும் பொறுப்பாளரும் குறிக்கப்பட வேண்டும். சான்றிதழ் உரிமையாளர் உங்கள் ஹெலிகாப்டரின் வரிசை எண்ணுக்கு அளித்த எழுத்துமூல அனுமதியையும் மாற்ற வரைபடங்களையும் பதிவேட்டுடன் சேர்த்தே வைத்திருங்கள். ஹெலிகாப்டரை விற்கும்போது இவையும் புதிய உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய பொறியாளர் உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமலே அடுத்த மாற்றத்தைத் தொடங்கிவிடுவார்.